ஆயுள் முழுக்க இலவசம்

பொன்முடி எஸ்டேட் லயம்
9.6.2024

அன்புள்ள தம்பி கோலப்பனுக்கு,

அக்கா செல்வமணி எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், சுப்ரியா மூன்று பேரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு, சோம்பல் படாதே.

மழை பிடித்துவிட்டது. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குள் போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். ஆபீஸ் போனில் பேசினால் கிளார்க் முதல் வாட்ச்மேன் வரை காது கொடுக்கிறார்கள். அதனால் பஸ் கண்டக்டர் பிரபினிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து உன் கையில் தருவதாகச் சொன்னார். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் என்னவென்றால், விதுரா பங்கில் டீசல் போடப் போன அத்தானை டை கட்டிய ஒரு பையன் பிடித்துக்கொண்டானாம். கிரெடிட் கார்டு எடுங்கள், ஒரு பைசா கட்டணம் கிடையாது, டீசல் போடப் போடப் புள்ளி சேரும், புள்ளிக்குச் சாமான் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "எப்படியும் டீசல் போடத்தானே போறோம் மணி, சும்மா கெடைக்கிறத ஏன் விடணும்" என்கிறார். சும்மா எவன் எதைக் கொடுப்பான் என்று நான் கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

நீ பட்டணத்தில் நாலு பேரைப் பார்க்கிறவன். எந்தக் கார்டு நல்லது, எதில் ஏமாற்று இருக்கிறது என்று விசாரித்து எழுது. நீ சொன்னால் கேட்பார்.

சுப்ரியா பிளஸ் டூ போக ஆரம்பித்துவிட்டாள். மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்பு அக்கா
செல்வமணி


சாலை, திருவனந்தபுரம்
22.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோலப்பன் எழுதுவது. உன் கடிதம் வந்தது. முழங்கால் பரவாயில்லை. முதலாளி ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார், ஆனால் அதில் உட்கார்ந்தால் அவருக்குப் பிடிப்பதில்லை.

அத்தான் கேட்ட விஷயத்தை நன்றாக விசாரித்தேன். எங்கள் கடைக்கு எதிரே டீ குடிக்க வரும் அனூப் ஒரு பேங்கின் கார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற பையன். சொந்த பேங்குக் கார்டையே குறை சொல்லும் அளவுக்கு நல்லவன். "அண்ணா, ஃப்ரீன்னு சொன்னா எது வரைக்கும் ஃப்ரீன்னு சோதிக்கணும் கேட்டோ" என்றான். விதுரா பங்கில் அந்தப் பையன் காட்டியது முதல் வருஷத்துக்கு மட்டும் இலவசம். அடுத்த வருஷம் கட்டணம் போடுவார்கள், அதைப் பொடி எழுத்தில் பின்பக்கம் அச்சடித்திருக்கும். இன்னொன்றில் கட்டணம் எப்போதும் இல்லை, ஆனால் சேர்ந்த புள்ளியைச் சாமானாக மாற்றப் போனால் அதற்கு ஒரு காசு கேட்பார்கள், ஒரு வருஷத்தில் புள்ளியும் செத்துப்போகும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. நீல நிறக் கார்டு. சேர்வதற்கும் கட்டணம் இல்லை, வருஷத்துக்கும் இல்லை. ஆயுள் முழுக்க இலவசம் என்று முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறது. டீசலுக்கு மேல்வரி எடுக்க மாட்டார்கள். வருஷத்தில் ஒரு தொகைக்கு மேல் செலவு போனால் மொத்தமாகக் கூடுதல் புள்ளி கொடுப்பார்கள். அதை வைத்து மிக்சி, கிரைண்டர் என்று எடுக்கலாம். அத்தானுக்கு இதுதான் சரி.

இரண்டே விஷயம் அவரிடம் சொல்லு. பில் வந்ததும் முழுப்பணத்தையும் கட்டிவிட வேண்டும். அந்தக் கார்டை வைத்து ரொக்கம் எடுக்கவே கூடாது. இந்த இரண்டிலும் பிசகாதவரைக்கும் நாம் அவர்களை ஏமாற்றலாம், பிசகினால் அவர்கள் நம்மை.

ஆதார் நகலும் போட்டோவும் பிரபினிடம் கொடுத்து அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வை.

உன் தம்பி
கோலப்பன்


பொன்முடி
4.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழையில் என் சளி மட்டும் போகவில்லை. நான் வேலை பார்க்கும் எஸ்டேட் காப்பகத்தில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மூக்கு ஒழுகுகிறது, அதில் எனக்கு எப்படி விடும்.

கார்டு வந்துவிட்டது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். உன் அத்தான் உறையைப் பிரிக்காமல் சுப்ரியா பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவரை வைத்திருந்தார். அவளை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். "டியர் மிஸ்டர் வன்னியபெருமாள்" என்று அவள் வாசித்ததும், "இன்னொருக்கா வாசி" என்றார். இந்த எஸ்டேட்டில் முப்பது வருஷமாக அவரை டேய் டிரைவர் என்று கூப்பிடுகிறார்கள், எனக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

கார்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். துவைக்கப் போடும் சட்டையை நான் எடுத்தால் ஓடி வருகிறார். பில் வந்த அன்றைக்கே விதுராவுக்குப் போய்க் கட்டிவிட்டு ரசீதை என்னிடம் காட்டினார். நீ சொன்னதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்லாற்றில் டூரிஸ்ட் ஏற்றும் மற்ற ஜீப்காரர்களுக்கும் இப்போது இவர்தான் புரொபசர்.

எவ்வளவு புள்ளி சேர்ந்தது என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். மனதில் ஏதோ கணக்கு இருக்கிறது. போகட்டும், குடிக்காத மனுஷனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் வேண்டாமா.

ஓணத்துக்கு லீவு கிடைத்தால் வா.

அன்பு அக்கா
செல்வமணி


சாலை
25.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சளி போனதா? ஓணத்துக்கு வர முடியவில்லை, கோபப்படாதே. கடையில் அன்றைக்கும் சரக்கு இறக்கினோம்.

போன வாரம் அத்தான் டயர் வாங்க இங்கே வந்திருந்தார். கடை முடித்துவிட்டு ஹோட்டலில் சாப்பிட்டோம். புரோட்டா எடுத்தார், பில்லை என்னைக் கொடுக்க விடவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லி ஒரு விஷயம் பேசினார். பயப்படாதே, நல்ல விஷயம்தான். தீபாவளி வரைக்கும் என்னைத் துருவாதே.

தீபாவளிக்கு எப்படியும் வருகிறேன். சுப்ரியாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று மட்டும் எழுது.

உன் தம்பி
கோலப்பன்


பொன்முடி
21.10.2024

கோலப்பா,

உடனே வா. நேற்று சாயங்காலம் கல்லாற்றில் மலைவெள்ளம் வந்து அத்தானைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் கிடைக்கவில்லை.

பட்டணத்திலிருந்து வந்த மூன்று காலேஜ் பிள்ளைகள் ஜீப்பை நிறுத்தச் சொல்லிப் பாலத்துக்குக் கீழே குளித்திருக்கிறார்கள். கீழே மழையே இல்லையாம், மேலே கொட்டியிருக்கிறது. தண்ணீர் சிவந்து வந்ததைப் பார்த்து அத்தான் கத்திக்கொண்டே இறங்கியிருக்கிறார். இடுப்பில் கயிறு கட்டி ஒரு பிள்ளையை இழுத்துப் போட்டார், இன்னொன்றையும் கொண்டுவந்தார். மூன்றாவது பிள்ளைக்காகத் திரும்ப இறங்கினபோது கயிறு பாறையில் அறுந்துவிட்டது. கரையில் கயிறு பிடித்திருந்த டீக்கடைக்காரர் என் முன்னால் நின்று, "பெட்டென்னு கையில பாரமே இல்லாம போச்சு சேச்சி" என்று அழுதார்.

கரண்ட் இல்லை, ஆபீஸ் போனும் இல்லை. மேலே ரோடு இடிந்து கிடக்கிறது. பிரபின் இடிந்த இடத்தை நடந்து தாண்டி அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸைப் பிடிக்கிறார். அவரிடம் தருகிறேன். சீக்கிரம் வா.

செல்வமணி


பொன்முடி
14.11.2024

என் தம்பி கோலப்பனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஆமாம், நன்றாக இருக்கிறோம் என்றுதான் எழுதுகிறேன். அத்தான் உயிரோடு இருக்கிறார்.

நீ வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மழை குறைந்ததும் ஃபயர்ஃபோர்ஸ்காரர்கள் மறுபடி பாறை இடுக்குகளில் தேடுவதாக இருந்தது. மூன்றாவது பிள்ளையின் உடல் மறுநாளே கிடைத்ததால் இவரும் அந்தப் பக்கம்தான் இருப்பார் என்றார்கள். நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். திங்கள்கிழமை தபாலில் கார்டு பில் வந்தது. என்னமோ டீசல் கணக்கு என்று ஓரமாகப் போட்டேன். சுப்ரியாதான் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள். அக்டோபர் 21ஆம் தேதி, சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. அம்மா, வெள்ளம் வந்தது இருபதாம் தேதி அல்லவா என்று.

கார்டு அவர் சட்டைப் பையை விட்டு எங்கும் போகாது. உனக்கே தெரியும்.

பில்லை எடுத்துக்கொண்டு விதுரா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எஸ்ஐ ஸ்ரீகண்டன் என் முன்னாலேயே அந்தக் கடைக்குப் போன் போட்டார். தீபாவளிக் கூட்டத்தில் யாருக்கும் முகம் நினைவில்லை. மீசை வைத்த, தமிழ் பேசுகிற ஆள் ஒருவர் தனியாக வந்தார் என்று மட்டும் ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். கேமராப் படம் அழிந்துவிட்டதாம். எஸ்ஐ என்னைப் பார்த்து, "சேச்சி, ஆளு ஜீவனோடே உண்டு. வெள்ளத்துல போனவன் துணிக்கடைக்குப் போவானா?" என்றார். என்ன வாங்கினார் தெரியுமா? ஒரு சேலை, ஒரு சுடிதார் துணி, ஒரு சட்டை. எங்களுக்குத் தீபாவளிக்குத்தான் வாங்கியிருக்கிறார் தம்பி! தலையில் பாறை அடித்து நினைவு தப்பியிருக்கும். எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் அங்கே சுற்றிக்கொண்டிருப்பார்.

நீ இருப்பதே அந்தக் கடைத்தெருவில். ஒவ்வொரு லாட்ஜிலும் கேள். கோயில் வாசலில் படுத்திருப்பவர்களைப் பார். ஆஸ்பத்திரியில் பார். அவர் படம் ஒன்று வைத்திருக்கிறேன், பத்திரம். நேற்றுதான் வயிறாரச் சோறு சாப்பிட்டேன். சுப்ரியா தலை வாரிப் பள்ளிக்கூடம் போனாள்.

சீக்கிரம் பதில் எழுது.

அன்பு அக்கா
செல்வமணி


சாலை
2.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலத்தையும் எழுதவும். பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. கடையில் வேலை கூடுதல். பிரபின் இரண்டு தடவை வந்து கேட்டார், எழுதி முடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

தம்பானூர் லாட்ஜ்களில் படத்தைக் காட்டிக் கேட்டேன். கோட்டைப் பக்கம், ஆஸ்பத்திரி வார்டு எல்லாம் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

அக்கா, நீ ரொம்ப நம்பிக்கை வைக்காதே. பில்லில் தேதி தப்பாக வருவதும் உண்டு. கார்டு வேறு யார் கையிலாவது கிடைத்திருக்கலாம். ஆற்றில் தேடுவதை அவர்கள் நிறுத்த வேண்டாம் என்று எஸ்ஐயிடம் சொல்லு. மழை குறைந்த பிறகு தேடுவதாகச் சொன்னார்களே, அது என்ன ஆயிற்று?

சுப்ரியாவைப் பார்த்துக்கொள். கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன், மறுக்காதே.

கோலப்பன்


பொன்முடி
17.12.2024

தம்பி கோலப்பனுக்கு,

பணம் கிடைத்தது. உடம்பு இருக்கிறது, கேட்டதற்கு நன்றி.

ஆற்றில் தேடுவதை நிறுத்தியாயிற்று. உயிரோடு இருக்கிறவனை ஆற்றில் ஏன் தேட வேண்டும் என்று எஸ்ஐ கேட்டார். கார்டு வேறு ஆள் கையில் கிடைத்திருக்கலாம் என்று நீ எழுதினதைச் சொன்னேன். சிரித்தார். "எடுத்த கள்ளன் டிவி வாங்குவான், மொபைல் வாங்குவான். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அளவு பார்த்து டிரஸ் எடுப்பானா?" என்றார்.

முதலில் நானும் அது எங்களுக்கு என்றுதானே நினைத்தேன். எங்களுக்கு என்றால் தீபாவளிக்கு வந்திருக்க வேண்டாமா? நினைவு தப்பினவன் கடை ஏறி, விலை கேட்டு, சேலை பார்த்து எடுப்பானா? இதையெல்லாம் நான் யோசிப்பதற்கு முன்னால் லயத்தில் எல்லாரும் யோசித்து முடித்துவிட்டார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. பக்கத்து வீட்டு மாடம்மாள் நல்லவள்தான், அவளே நேற்று, "அந்தப் பக்கம் ஒரு பொம்பளையும் ஒரு புள்ளையும் இருக்கும்போல மணி. ஆம்பளைங்க மனசு யாருக்குத் தெரியும். வெள்ளம் ஒரு சாக்கு" என்றாள்.

டயர் வாங்க வந்தபோது உன்னிடம் ஏதோ சொன்னார் என்று எழுதினாயே. எனக்குச் சொல்லக்கூடாத விஷயம். நல்ல விஷயம் என்று நீயும் எழுதினாய். அது இதுதானா? நீ ஆம்பிளை, அவரும் ஆம்பிளை. மறைக்கிறாயா? எனக்குப் பதில் வேண்டும் கோலப்பா. யாருக்கு அந்தச் சேலை?

செல்வமணி


பொன்முடி
9.1.2025

கோலப்பனுக்கு,

என் கடிதம் உனக்குக் கிடைத்தது என்று பிரபின் சொன்னார். நின்ற இடத்திலேயே வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தாயாம். பதில் இல்லை. சரி, அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

சுப்ரியாவை நெடுமங்காட்டில் ஹாஸ்டலில் விட்டிருக்கிறேன். பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு பெண் அவளிடம், உன் அப்பாவுக்கு அங்கே இருக்கிற பெண்ணும் பிளஸ் டூவா என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் அவர் சட்டைகளை எல்லாம் எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

ஹாஸ்டலுக்குக் கட்டப் பணம் வேண்டியிருந்தது. விதுராவில் தாலியை விற்றேன். நகைக்கடைக்காரர் தராசில் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்னைப் பார்த்தார். எடை போடுங்கள் என்றேன்.

அந்த இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினதற்கு அரசாங்கத்திலிருந்து ஏதோ மரியாதை, உதவி என்று பேசினார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. ஓடிப்போனவனுக்கு யார் கொடுப்பார்கள். எனக்கும் வேண்டாம்.

ஒரு உபகாரம் மட்டும் செய். அந்தக் கார்டை நீதான் வாங்கிக் கொடுத்தாய். அதை நிறுத்தச் சொல்லு. அந்த மனுஷன் பெயர் போட்ட தபால் இனி இந்த வீட்டுக்கு வரக்கூடாது. பொங்கலுக்கு வராதே, இங்கே பொங்கல் இல்லை.

செல்வமணி


சாலை
16.1.2025

அக்கா,

இதை வாசிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்.

அந்தச் சேலை உனக்கு. சுடிதார் சுப்ரியாவுக்கு. சட்டை அத்தானுக்கு. வாங்கினது நான்.

டயர் வாங்க வந்த அன்றைக்கு அத்தான் கார்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வருஷத்துக்கான கூடுதல் புள்ளி கிடைக்க இன்னும் கொஞ்சம் செலவு காட்ட வேண்டியிருந்தது. "நீ வாங்கற சாமானை இதில வாங்கு கோலப்பா, காசை எங்கிட்டக் கொடுத்துரு. புள்ளி நெறஞ்சா உங்க அக்காவுக்குக் கிரைண்டர் வரும். அவ கைவலியை வச்சுக்கிட்டு ஆட்டுக்கல்லோட மல்லுக்கட்டுறா. சொல்லிறாத" என்றார். இவ்வளவுதான் அக்கா அவர் என்னிடம் சொன்ன விஷயம். வேறு பெண் இல்லை. வேறு பிள்ளை இல்லை.

21ஆம் தேதி மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய்த் துணி எடுத்தேன். கார்டை மெஷினில் தொட்டுவிட்டு, பார்சலோடு கடைக்கு வந்தேன். சாயங்காலம் பிரபின் உன் கடிதத்தோடு வந்தார். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. இது சத்தியம். அதற்குப் பிறகு நான் செய்ததற்குச் சத்தியம் எதுவும் கிடையாது.

அங்கே வந்து உன்னோடு இருந்தபோது கார்டு நினைவே இல்லை. பில் வந்த கடிதத்தை வாசித்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகு, அவர் செத்துத்தான் போனார் என்று எப்படி எழுதுவேன் என்று இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். போலீஸும் ஏற்கெனவே இதில் வந்திருந்தது. செத்தவன் கார்டில் துணி வாங்கினான் என்று என்னைப் பிடிப்பார்கள், முதலாளி வெளியே அனுப்புவார், இதெல்லாம் ஓடியது. உன் நல்லதுக்காகப் பேசாமல் இருந்தேன் என்று கொஞ்ச நாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான்.

லாட்ஜ் லாட்ஜாகப் போய்க் கேட்டேன் என்று எழுதினேனே, அதுவும் உண்மைதான். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உனக்கு எழுதுவது முழுப்பொய்யாக இருக்கக் கூடாதே என்று. ஒரு லாட்ஜ் மேனேஜர், "இயாளு ஆராணு?" என்று கேட்டார். என் அத்தான் என்று சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

நீ தாலியை விற்றதை வாசித்த பிறகு முடியவில்லை. இன்று காலை முதலாளியிடம் சொன்னேன், அங்கிருந்து நேராக விதுரா ஸ்டேஷனுக்குப் போனேன். கார்டையும் பார்சலையும் மேஜையில் வைத்து எஸ்ஐயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து நின்று கத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்றார். ஆற்றில் நாளை மறுநாளே ஆள் இறங்கும் என்றார்.

நீ இருக்கும் இடத்துக்கு இதே பஸ்ஸில் வந்திருக்கலாம். கல்லாறு பாலம் வரை வந்தேன். அதற்கு மேல் வர முடியவில்லை. சாலைக்கே திரும்பி வந்து, இதை எழுதி பிரபினிடம் கொடுக்கிறேன்.

உன் தம்பி
கோலப்பன்


பொன்முடி
23.2.2025

கோலப்பனுக்கு,

பிரபின் பாவம், உன்னைப் பார்க்கும்போதெல்லாம் கடிதம் இருக்கிறதா என்று நீ கேட்பதாகச் சொன்னார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

உன் அத்தான் கிடைத்துவிட்டார். பாலத்திலிருந்து அதிக தூரம் இல்லை. ஆறு வளைகிற இடத்தில் இரண்டு பாறைகளுக்கு அடியில் இருந்தார். தண்ணீர் வற்றியிருந்ததால் ஆட்கள் குனிந்து உள்ளே போக முடிந்தது. டிசம்பரிலேயே போயிருக்கலாம் என்று ஃபயர்ஃபோர்ஸ்காரர் ஒருவர் எஸ்ஐயிடம் சொன்னார், நான் நிற்பது தெரியாமல். எலும்பும் பெல்ட்டும்தான். பெல்ட்டில் ஜீப் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழுவி என் கையில் கொடுத்தார்கள். ரத்தச் சோதனைக்கு சுப்ரியாவைக் கூட்டிப் போனார்கள். முடிவு வந்து, போன வாரம் எங்களிடம் கொடுத்தார்கள்.

லயமே வந்தது. குழாயடியில் பேச்சை நிறுத்தினவர்கள் எல்லாம் அரிசியும் தேங்காயும் கொண்டுவந்தார்கள். மாடம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது, அவள் பேசினாள். காப்பாற்றின இரண்டு பிள்ளைகளில் ஒருவனுடைய அம்மா, ஷைலஜா என்று பெயர், பட்டணத்திலிருந்து வந்தார். "என் மோன் அன்னைக்கே சொன்னான், அந்தச் சேட்டன் திரும்ப இறங்கினதைக் கண்ணால கண்டேன்னு. ஆரும் கேட்கல" என்றார். சுப்ரியா தூணோடு ஒட்டி நின்றிருந்தாள். எரித்த சட்டைகளைப் பற்றி இன்னும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கொள்ளி வைக்க அவளைத்தான் நிறுத்தினேன். நீ பாலத்தில் நிற்பதாகச் சொன்னார்கள். மேலே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினது நான்தான்.

ஸ்டேஷனில் உன் மேல் கேஸ் வேண்டுமா என்று எஸ்ஐ கேட்டார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை மன்னிப்பு என்று நினைக்காதே. எனக்கு இனி அந்த ஸ்டேஷன் படி ஏற முடியாது, அதனால்தான்.

பணம் அனுப்பாதே. கிரைண்டர் அனுப்பாதே. எஸ்டேட்டை விட்டுப் போகிறேன். நெடுமங்காட்டில் சுப்ரியா ஹாஸ்டலுக்குப் பக்கத்திலேயே சமையல் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அதனால் போகிறேன்.

பில் வந்த பிறகு நான் எத்தனை தடவை விதுராவுக்கு ஸ்டேஷனுக்கு அலைந்தேன். போகும்போதும் வரும்போதும் அந்தப் பாலம். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டிக்கொண்டே போவேன். முதலில் மனதுக்குள், பிறகு வாய்விட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இடம் மாறி உட்காருவார்கள். யாரோடு படுத்துக் கிடக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன் கோலப்பா. அவர் கீழே பாறைக்கு அடியில் கிடந்தார். நான் மேலே பாலத்தில் போய்க்கொண்டே கேட்டேன்.

அவருக்கு அது கேட்டிருக்காது. அந்த ஒரு ஆறுதல் எனக்கு உண்டு. நான் திட்டினதையெல்லாம் அட்சரம் விடாமல் வாசித்தவன் நீ ஒருவன்தான். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய்.

செல்வமணி